இரண்டிலும் அழிக்க வேண்டும்

ஒரே ஆளிடம் இரண்டு கணினி இருந்தால் அவர் பாடு திண்டாட்டம். அந்த இரண்டையும் ஒன்றுபோல வைத்திருக்க வேண்டியவன் பாடு அதைவிடத் திண்டாட்டம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானே விரும்பி எடுத்துக்கொண்ட வேலை. ஏழு வருடமாகச் செய்கிறேன், ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

நடந்ததை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டீர்கள். ஒரு வாரம் தவணையும் கொடுத்தீர்கள். இன்று ஆறாவது நாள். கையாலேயே எழுதுகிறேன். என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்று மாமா எல்லோரிடமும் சொல்வார், படிக்கச் சிரமம் இருக்காது.

முறைப்படி பார்த்தால் நீங்கள் எனக்குத் தங்கை. என் மனைவியின் தம்பியைக் கட்டிக்கொண்டவர். ஆனால் நாம் முதன்முதலில் பார்த்துக்கொண்டதே போன வாரம் கடையில்தான் என்பதால் ‘நீங்கள்’ என்றே எழுதுகிறேன். மாமா என்று நான் சொல்வது என் மாமனாரை. உங்களுக்கும் அவர் மாமாதான். நீங்கள் அவரை இன்னும் பார்க்கவில்லை, அதனால் அவரைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவரைத் தெரியாவிட்டால் நான் செய்தது வெறும் அக்கிரமமாகத் தெரியும்.

மாமாவின் மூக்குக்கண்ணாடிக் கடையை நீங்கள் பார்த்தீர்கள். முன்னால் கண்ணாடிப் பெட்டிகள், நடுவில் பார்வை சோதிக்கும் நாற்காலி, எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை, பின்னால் லென்ஸ் தேய்க்கும் அறை. மூலையில் ஒரு கணினி. வீடு இரண்டு தெரு தள்ளி. நானும் என் மனைவியும் அவரோடுதான் இருக்கிறோம். அங்கே ஜன்னலோரம் இன்னொரு கணினி. காலையில் எட்டு மணி வரை வீட்டில் ஒரு மணி நேரம் உட்காருவார், பத்து மணிக்குக் கடைக்கு வந்தால் ஆள் இல்லாத நேரமெல்லாம் அங்கே உட்காருவார், சாயங்காலம் மறுபடி வீட்டில். இரண்டு கணினியிலும் ஒரே நிரல். மின்னஞ்சலும் அதில்தான், செய்திக் குழுக்களும் அதில்தான்.

செய்திக் குழு என்றால் வேறொன்றுமில்லை. ஒரே விஷயத்தில் பைத்தியம் பிடித்தவர்கள் ஊர் ஊராக இருந்துகொண்டு எழுதிப் போடுவார்கள், மற்றவர்கள் படித்துப் பதில் போடுவார்கள். மாமாவின் பைத்தியம் சதுரங்கப் புதிர். கட்டத்தில் காய்களை ஒரு மாதிரி நிறுத்தி, ‘மூன்று நகர்த்தலில் ராஜாவை மடக்கு’ என்று போட்டுவிட்டால் போதும், அவருக்குச் சாப்பாடு வேண்டாம்.

பிரச்சினை என்னவென்றால், கடையில் படித்த கடிதம் வீட்டுக்கு வந்தால் படிக்காததாக நிற்கும். வீட்டில் குறித்துவைத்த முகவரி கடையில் இருக்காது. குழுவில் இருநூறு பதில் படித்து முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அதே இருநூறும் புதிதாக வரிசையில் காத்திருக்கும்.

“காலையில படிச்சதையே சாயங்காலமும் படிக்கிறேன் மாப்பிள்ளை,” என்றார் ஒரு நாள். “என் வயசுக்கு அதுவும் பரவாயில்ல. ரெண்டாவது தடவையும் புதுசாத்தான் இருக்கு.”

நான் கல்லூரிக் கணினிக் கூடத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறவன். இதெல்லாம் எனக்குக் கைவந்த வேலை. அந்த நிரலின் அமைப்புகள் முழுவதும் ஒரே கோப்புறையில் இருக்கும். முகவரிகள், எது படித்தது எது படிக்காதது என்ற குறிகள், யார் கடிதம் எந்த அடுக்குக்குப் போக வேண்டும் என்ற விதிகள், குழுவில் யார் எழுத்து கண்ணில் படவே கூடாது என்ற தடுப்புப் பட்டியல், எல்லாம். இரண்டு கணினியின் கோப்புறைகளையும் ஒப்பிட்டுச் சரிசெய்ய ஒரு சின்ன நிரல் எழுதினேன். காலையில் வேலைக்குப் போகிற வழியில் வீட்டுக் கோப்புறையை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, என்னிடம் இருக்கிற சாவியால் கடையைத் திறந்து, அங்கே செருகுவேன். சாயங்காலம் கடையிலிருந்து வீட்டுக்கு. பத்து நிமிட வேலை.

என் நிரலில் ஒரு விசேஷம் உண்டு. ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாததை எல்லாம் அது சேர்க்கும். எதையும் நீக்காது. மாமா கைதவறி அழிக்கிற ஆள் என்பதால் அப்படி எழுதினேன். ஒரு தடவை முகவரிகள் அத்தனையையும் வழித்துத் துடைத்துவிட்டு, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் நான் பென் டிரைவைச் செருகியதும் எல்லாம் திரும்பி வந்தன. “இனிமே நான் நினைச்சாலும் தப்புப் பண்ண முடியாது போலிருக்கே,” என்று வாய்விட்டுச் சிரித்தார்.

வேண்டுமென்றே ஒன்றை அழிக்க நினைத்தால்தான் தொல்லை. இரண்டு கணினியிலும் அழிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் அழித்தால் மற்றது அதைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். இதை ஒரு அட்டையில் எழுதி, கடைக் கணினிக்கு மேலே ஒட்டிவைத்தேன். அன்றைக்கு நீங்கள் நின்ற இடத்துக்கு நேர் எதிரே இருந்தது, கவனித்தீர்களோ என்னவோ.

இந்த வேலையைத் தொடங்கி ஒரு மாதம் இருக்கும். கடையில் யாரோ கண்ணாடி வாங்க வந்திருந்தார்கள். நான் உள்ளே நுழைந்தேன். அதுவரை மாமா என்னை “வாங்க மாப்பிள்ளை” என்றுதான் கூப்பிடுவார். மருமகனை எந்த மாமனாரும் அப்படித்தானே கூப்பிடுவார். அன்றைக்குத் தலையைக்கூடத் தூக்காமல், “வாப்பா, இதைக் கொஞ்சம் பாரு,” என்றார். வந்தவரிடம், “என் பையன்,” என்றார்.

எனக்கு அப்பா கிடையாது. நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். விடுதியில் வளர்ந்தேன், படித்தேன், வேலைக்கு வந்தேன். என்னை ‘வாப்பா’ என்று கூப்பிட அதுவரை யாரும் இருக்கவில்லை. வீட்டோடு மாப்பிள்ளை என்று தெருவில் இரண்டு பேர் கிண்டல் பேசியதுண்டு. அன்றிலிருந்து அதை நான் காதில் போட்டுக்கொண்டதில்லை. இதைச் சொல்வது உங்கள் இரக்கத்துக்காக அல்ல. காரணம் கேட்டீர்கள், இதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை.

உங்கள் வீட்டுக்காரரை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. என் கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்பே அவர் வீட்டை விட்டுப் போய்விட்டார். உங்களைக் கட்டிக்கொண்டதால்தான் அப்பாவுக்குக் கோபம் என்று ஒருவேளை நீங்கள் நினைத்திருக்கலாம். அது இல்லை. கடையை எடுத்து நடத்த மாட்டேன் என்று அவர் ஆட்கள் முன்னால் சொல்லிவிட்டார். மாமாவும் ஆட்கள் முன்னால், “அப்ப இந்தப் படி ஏறாதே,” என்று சொல்லிவிட்டார். இருவருக்கும் ஒரே பிடிவாதம். அவர் ஏறவில்லை.

மாதத்துக்கு ஒரு தடவையாவது மாமா அதைப் பற்றிப் பேசுவார். “போகாதேன்னு தடுத்திருக்கணும். படி ஏறாதேன்னு சொன்னது இந்த வாய்தான். இதே வாயால எப்படிக் கூப்பிடறது? எங்கே இருக்கான்னும் தெரியல. அவன் ஒரு வரி எழுதட்டும்ப்பா. அடுத்த வண்டியில போய் அவன் வாசல்ல நிப்பேன்.” நானும் தலையாட்டுவேன். எழுதுவார் மாமா, கட்டாயம் எழுதுவார் என்பேன். அதை மனதாரத்தான் சொன்னேன். அவர் எழுத மாட்டார் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

முதல் கடிதம் போன வருடம் மழைக்காலத் தொடக்கத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. காலை நேரம். கடையில் நான் மட்டும். பென் டிரைவைச் செருகிவிட்டு, வேலை ஒழுங்காக நடந்ததா என்று பார்க்க அஞ்சல் பெட்டியைத் திறந்தேன். சற்று முன்புதான் வந்திருந்த ஒரு கடிதத்தின் தலைப்பு ‘அப்பா’ என்று இருந்தது. மாமாவின் முகவரியைக் குழுவில் அவர் போடும் புதிர்களின் அடியிலிருந்து எடுத்ததாக எழுதியிருந்தார். ஒரு தடவை வந்து பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். படி ஏறாதே என்று சொன்னதால் தான் வரவில்லை என்றும், அப்பா வரத் தடை ஏதும் இல்லையே என்றும் எழுதியிருந்தார். வேறு சில விஷயங்களும் இருந்தன.

இப்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வாரம் வியாழக்கிழமை மாமாவுக்குக் கண் புரை அறுவை. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டவருக்கே பார்வை மங்கிவிட்டது என்று எல்லோரும் கேலி செய்துகொண்டிருந்தோம். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, அழக் கூடாது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அழக் கூடாது என்பதை இரண்டு தடவை சொன்னார். இந்தக் கடிதத்தைப் படித்தால் மாமா அழாமல் இருப்பாரா? அறுவையைத் தள்ளிப்போட்டுவிட்டு அன்றைக்கே வண்டி ஏறியிருப்பார்.

அதனால் ஒரு விதி போட்டேன். இந்த முகவரியிலிருந்து எது வந்தாலும் அஞ்சல் பெட்டியில் நிற்காமல், பழைய விலைப்பட்டியல்கள் கிடக்கும் அடுக்குக்குப் போய்விடும். அந்த அடுக்கை மாமா திறந்ததே கிடையாது. அன்றைக்குச் சாயங்காலமே விதி வீட்டுக் கணினிக்கும் போய்ச் சேர்ந்தது. கண் ஆறும் வரைக்கும்தான், பத்து நாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்து நாளில் கண் ஆறிவிட்டது. பதினோராவது நாள், ஞாயிற்றுக்கிழமை, விதியை நான் அழித்தேன். இதை நீங்கள் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக் கணினியில் உட்கார்ந்து என் கையாலேயே அழித்தேன். சாயங்காலம் பார்த்தால் அது திரும்ப வந்திருந்தது. கடைக் கணினியில் இருந்ததை நிரல் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அழித்தேன். அதுவும் வீட்டில்தான். திங்கட்கிழமை மறுபடி வந்துவிட்டது. நிரல் அதன் வேலையைச் செய்தது. மூன்றாவது வாரம் நான் விட்டுவிட்டேன்.

அதற்குள் ஆறு கடிதங்கள் சேர்ந்துவிட்டன. ஒன்றாக இருந்தபோது, இது எப்படியோ தவறி அந்த அடுக்குக்குப் போய்விட்டது மாமா என்று சொல்லியிருக்கலாம். ஆறு கடிதம் தவறிப் போகாது. நாளாக ஆக அதைச் சொல்வது கடினமாகிக்கொண்டே போயிற்று. அது எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எல்லோருக்கும் ஒரு தடவையாவது இப்படி நேர்ந்திருக்கும்.

தினமும் காலையில் அந்த அடுக்கைத் திறந்து பார்ப்பேன். புதிதாக வந்திருந்தால் படிப்பேன். படிக்காமல் விடுவது சரியில்லை என்று பட்டது. ஒரு மனிதன் உட்கார்ந்து எழுதியிருக்கிறான், யாராவது ஒருவர் படிக்கத்தானே வேண்டும். அவர் எழுத்து எனக்குப் பிடித்துப்போயிற்று. சின்னச் சின்ன வாக்கியம், குறை சொல்லாத எழுத்து. நாலாவது கடிதத்தில், “பதில் வராததுதான் பதில் என்றால் எனக்குப் புரிகிறது அப்பா. போன் செய்து உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். அக்காவிடமும் சொல்லவில்லை, அவள் நடுவில் மாட்டிக்கொண்டு அழுவாள். எழுதுவதை மட்டும் நிறுத்த மாட்டேன்,” என்று இருந்தது. அதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. போன் வராது என்பதால் வந்த நிம்மதி. ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பிறகு நீங்கள் எழுதினீர்கள். உங்கள் முகவரி வேறு. நல்லவேளையாகக் காலையில் நான் வருவதற்குச் சற்று முன்பு வந்திருந்தது, அஞ்சல் பெட்டியிலேயே நின்றது. அதற்கு இரண்டாவது விதி போட்டேன். இதற்குக் கண் அறுவையைக் காரணம் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். அப்போது மாமா வெகு தூரத்துப் பேருந்தின் எண்ணைக்கூடப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டுக்காரர் புத்திசாலி. மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை என்றதும் அவர் செய்திக் குழுவுக்கு வந்தார். ‘நொண்டிக் குதிரை’ என்ற புனைபெயரில் ஒரு புதிர் போட்டார். அந்தப் பெயரின் கதையை உங்களிடம் அவர் சொல்லியிருப்பார். என்னிடம் மாமா இருபது தடவை சொல்லியிருக்கிறார். பையன் பத்து வயதில் சொந்தமாக ஒரு புதிர் கட்டினானாம். பலகையின் மூலையில் ஒரு குதிரை சும்மா நின்றதாம். இது எதற்கு, இதற்கு வேலையே இல்லையே என்று இவர் கேட்டாராம். “அது நொண்டிக் குதிரைப்பா. பாத்துக்கிட்டு மட்டும் இருக்கும்,” என்றானாம். ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

அந்தப் பெயரைக் கடைக் கணினியில் பார்த்ததும் முதலில் கடிகாரத்தைப் பார்த்தேன். மாமா கடைக்கு வர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. வீட்டில் அன்றைக்கு மின்சாரம் இல்லை, அதனால் அங்கேயும் பார்த்திருக்க மாட்டார். பெயரைத் தடுப்புப் பட்டியலில் சேர்த்தேன். புதிர் திரையிலிருந்து மறைந்தது.

ஒரு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. தடுப்புப் பட்டியல் அந்த ஆளுடைய எழுத்தைத்தான் மறைக்கும். அவருக்கு மற்றவர்கள் போடும் பதில்களை மறைக்காது. இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் நான் கடைக்குள் நுழைந்தபோது மாமா கணினி முன்னால் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இங்க வாப்பா. யாரோ ஒருத்தன் பேசறான். ஊரே அவனுக்குப் பதில் சொல்லுது. எனக்கு மட்டும் அவனைத் தெரியல.”

“சர்வர்ல ஏதாவது கோளாறா இருக்கும் மாமா.”

“பதினேழு பேர் பதில் போட்டிருக்காங்க. கேள்வியைக் காணோம். கோளாறு கம்ப்யூட்டர்லயா, என் கண்ணுலயா?” சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பிறகு ஒரு பதிலை விரலால் தொட்டு வாய்விட்டுப் படித்தார். “‘அருமையான புதிர். ஆனால் மூலையில் நிற்கும் அந்தக் குதிரை எதற்கு?’ன்னு கேட்டிருக்கான் ஒருத்தன்.”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறேன்.

“ஒண்ணுமில்லப்பா. இந்தக் கேள்வியை நானும் ஒரு காலத்துல கேட்டிருக்கேன்,” என்றார். “அந்தப் புதிர் கிடைக்குதான்னு பாரேன்.”

பார்க்கிறேன் என்றேன். மறுநாள் காலையில் அந்தப் பேச்சு முழுவதையும், பதினேழு பதில்களோடு சேர்த்து மறைத்துவிட்டேன். அவர் இரண்டு தடவை நினைவுபடுத்தினார். பிறகு விட்டுவிட்டார். தேடிக் கொடுக்க முடியாமல் நான் சங்கடப்படுகிறேன் என்று நினைத்து விட்டிருப்பார். அவர் அப்படிப்பட்ட மனிதர்.

முதல் கடிதத்தில் வேறு சில விஷயங்களும் இருந்தன என்று எழுதினேன். அதையும் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் கோளாறு என்றும், ஒரு வருடம் என்று டாக்டர்கள் நாள் குறித்திருக்கிறார்கள் என்றும் அதிலேயே இருந்தது. மூன்றாவது பத்தியில். ஆகவே எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

தெரிந்தும் எப்படி என்று கேட்பீர்கள். நான் என்னையே கேட்டிருக்கிறேன். ஒரு வருடம் என்பது நீளமாகத்தான் தெரிந்தது. அடுத்த மாதம் சொல்லலாம், இந்த மழை முடியட்டும், மாமாவின் பிறந்தநாள் கழியட்டும். இப்படித்தான் ஓடியது. மாமா தினமும் சாயங்காலம் கதவைத் திறந்துகொண்டே “வந்துட்டியாப்பா” என்பார். அவர் வாசலில் போய் நிற்கப் போகிற அந்த வேறொரு வீட்டை நான் நினைத்துப் பார்ப்பேன். அங்கே போனபிறகு இந்த ‘வாப்பா’ யாருக்கு? திரும்பி வந்ததும் எனக்கு “வாங்க மாப்பிள்ளை”தானே. அதில் மரியாதைக்குக் குறைவு ஒன்றும் இல்லை. ஆனாலும் என்னால் முடியவில்லை.

எனக்குக் குற்ற உணர்ச்சியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்ட நாட்கள் உண்டு. உடம்பு இளைத்துவிட்டதே என்று என் மனைவி விசாரித்தாள். அவள் தம்பி செத்துக்கொண்டிருக்கிறான் என்பதை அவள் எதிரே உட்கார்ந்து விழுங்கிக்கொண்டு, வேலை அதிகம் என்று சொன்னேன். மாமா எனக்குப் பார்வை சோதித்து, கண்ணுக்கு ஓய்வு கொடு என்று திட்டினார்.

கடைசிக் கடிதம் அவருடையது இல்லை, உங்களுடையது. அதிகாலையில் போய்விட்டார், நாளை மதியம் வரை உடலை வைத்திருப்போம், மாமா வருவதானால் வரட்டும், யாரும் எதுவும் கேட்க மாட்டோம் என்று நாலு வரி. காலையில் கடையில் படித்தேன். மதியம் வரை என்றால் முழுதாக ஒரு நாளுக்கு மேல் இருந்தது. அடுத்த வண்டியைப் பிடித்திருந்தால் மாமா பார்த்திருக்கலாம். நான் கணினியை அணைத்து, கடையைப் பூட்டி, வேலைக்குப் போனேன். அன்றைக்குக் கூடத்தில் புதிதாக இருபது கணினி வந்திருந்தன, எல்லாவற்றையும் நானே பிரித்து மாட்டினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மாமா குழுவில் யாரையோ தோற்கடித்த சந்தோஷத்தில் இருந்தார்.

அதன்பிறகு மூன்று வாரம் கழித்து நீங்கள் வந்தீர்கள். மாமா மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்தார், எனக்கு விடுமுறை, கடையில் நான் உட்கார்ந்திருந்தேன். என்னை அண்ணா என்று கூப்பிட்டீர்கள். காகிதக் கட்டை மேசையில் வைத்தீர்கள். நாற்பத்தொரு கடிதம், அவருடையது முப்பத்தாறு, உங்களுடையது ஐந்து. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சின்னச் சீட்டு ஊசியால் குத்தியிருந்தது.

“இது எல்லாத்தையும் படிச்சிருக்கார் மாமா,” என்றீர்கள். “படிச்சேன்னு ஒவ்வொரு தடவையும் ரசீது வந்திருக்கு. அவர் இதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டே இருந்தார் அண்ணா. ‘அப்பா படிக்கிறார், பதில் எழுதத்தான் மனசு வரல’ன்னு.”

அந்த ரசீதைப் பற்றி நான் இதுவரை எழுதவில்லை. அனுப்புகிறவர் கேட்டுக்கொண்டால், கடிதத்தைத் திறக்கும்போது நிரல் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டும். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டேன் என்று அனுப்பியவருக்குத் தெரிவிக்கலாமா, ஆம், இல்லை என்று கேட்கும். முதல் நாள் ஆம் என்று அழுத்தினேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விடுவது மரியாதை இல்லை. பாவம், போய்ச் சேர்ந்தது என்றாவது தெரியட்டும் என்றுதான் நினைத்தேன். அவருக்கு ஒரு ஆறுதல். நாற்பத்தொரு தடவையும் ஆம் என்றேன். கடைசிக் கடிதத்துக்கும். அது மாமாவின் பெயரில் போகும் என்பது எனக்குத் தெரியும், கணக்கு அவருடையதுதானே.

நான் சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் நர்ஸ், நோயாளியின் தாளில் நேரம் பார்த்துப் பழகிய கண். அத்தனை சீட்டிலும் நேரம் எட்டு நாற்பது, எட்டு நாற்பத்திரண்டு, எட்டு முப்பத்தெட்டு. கடைக் கதவில் ‘திறக்கும் நேரம் காலை பத்து’ என்று எழுதியிருக்கிறது. நீங்கள் கதவைப் பார்த்தீர்கள், சீட்டைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள்.

“தினமும் காலையில எட்டு நாப்பதுக்கு இந்தக் கடையில யாரு இருப்பாங்க?”

நான் இருப்பேன். இதுதான் பதில். அன்றைக்கே சொல்லியிருக்கலாம், மாமா வரும் நேரமாகிவிட்டது. அதனால்தான் எழுத்தில் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அதைப் படித்தபிறகுதான் மாமாவிடம் பேசுவேன் என்று நீங்கள் பொறுத்துக்கொண்டது பெரிய மனது.

மாமாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. பையன் இல்லை என்பது தெரியாது. நேற்றுச் சாப்பிடும்போதுகூட, “ஒரு வரி எழுதட்டும்ப்பா,” என்றார். நான் தலையாட்டினேன். பழக்கம்.

செய்தது முழுவதும் நான்தான். நிரலின் மேலோ, டாக்டர் மேலோ பழி போட மாட்டேன். ஒரு மகனையும் அப்பாவையும் ஒரு வருடம் பிரித்துவைத்தேன், அப்பா தன்னை வெறுத்தார் என்று நம்பிக்கொண்டே அவரைச் சாகவிட்டேன். இதை எழுதி முடித்ததும் மனது லேசாகிவிட்டது.

ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் நேரில் வந்து மாமாவிடம் சொல்ல வேண்டாம். எழுபத்தாறு வயது, முகத்துக்கு நேரே கேட்டால் தாங்க மாட்டார். அவருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். நிதானமாக, தனியாக உட்கார்ந்து படிப்பார். இந்தக் கடிதத்தையும் வேண்டுமானால் அதோடு சேர்த்து அனுப்புங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர் பதில் எழுதாவிட்டால், துக்கத்தில் இருக்கிறார் என்று புரிந்துகொண்டு சில நாள் பொறுங்கள்.

உங்கள் கடிதம் இனி நேராக அவர் அஞ்சல் பெட்டிக்கே போகும். எல்லா விதிகளையும் நேற்றுக் காலையில் கடைக் கணினியில் அழித்துவிட்டேன். வீட்டுக் கணினியில் மாமா உட்கார்ந்திருந்தார், அதை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன்.